குறைமாதக் குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வரும் பிசியோ: வந்து என்னதான் செய்வார்?

கேள்வி இதுதான்: 29 வாரத்தில், 1,150 கிராம் எடையில் பிறந்த ஆண் குழந்தை. 54 நாள் என்ஐசியூவில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறான். இப்போது நாலு மாதம் முடிகிறது, இன்னும் தலை நிற்கவில்லை. மாதம் இரண்டு முறை ஒரு பிசியோ வீட்டுக்கு வந்து பார்ப்பார் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். மாமியாருக்கு அதில் விருப்பம் இல்லை. “நம்ம பிள்ளைக்கு என்ன குறை? ஆள் வந்து போனா ஊர் என்ன பேசும்?” என்கிறார். வருகிறவர் என்ன செய்வார், இது அவசியம்தானா, எத்தனை நாளைக்கு என்று அந்தத் தாய் கேட்டிருக்கிறார்.

வரட்டும். முதல் பதில் அதுதான். நான் பிசியோதெரபிஸ்ட். பதினாறு வருடமாகத் தென்மாவட்டங்களில் இப்படிப்பட்ட குழந்தைகளை அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்த்து வருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தலை நிற்காத கவலையை முதலில் இறக்கி வைத்துவிடலாம். 29 வாரத்தில் பிறந்தவன் என்றால் 40 வாரக் கணக்குக்கு 11 வாரம் முன்னால் வந்துவிட்டான். நாலு மாதம் என்பது ஏறத்தாழ 17 வாரம். அதில் 11ஐக் கழித்தால் 6. ஆக, வளர்ச்சியைப் பொறுத்தவரை உங்கள் மகனுக்கு வயது ஒன்றரை மாதம். மருத்துவர்கள் ‘கரெக்டட் ஏஜ்’ என்று சொல்வது இதைத்தான், தமிழில் திருத்திய வயது எனலாம். ஒன்றரை மாதத்தில் எந்தக் குழந்தைக்கும் தலை நிற்காது. இந்தக் கணக்கில் மூன்று, நாலு மாதம் ஆகும்போதுதான் அதை எதிர்பார்க்க வேண்டும். நடப்பதும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைகளே 8 மாதத்துக்குச் சற்று மேல் தொடங்கி 17 மாதம் தாண்டியும் நடக்கத் தொடங்குகிறார்கள். உங்கள் பையனுக்கு அதோடு இன்னும் இரண்டரை மாதம் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு வயது வரை இந்தக் கணக்கிலேயே பாருங்கள். தடுப்பூசி மட்டும் விதிவிலக்கு, அது பிறந்த தேதிப்படிதான் போட வேண்டும். குறைமாதம் என்று சொல்லி ஊசியைத் தள்ளிப்போடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அது ஆபத்து.

விசேஷ வீட்டுக்குப் போனால் “எத்தனை மாசம்?” என்று கேட்பார்கள். “நாலு” என்று சொன்னதுமே பக்கத்து வீட்டுக் குழந்தை குப்புற விழுந்த கதை வந்துவிடும். “பிறந்து நாலு மாசம், வளர்ச்சிக்கு ஒன்றரை மாசம்” என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள். ஒரு வாரத்தில் மாமியாரும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

கணக்கு சரியாக இருக்கும்போது ஏன் ஒருவர் வந்து பார்க்க வேண்டும்? கடைசி மூன்று மாதத்தில் கர்ப்பப்பைக்குள் நடக்க வேண்டியதெல்லாம் உங்கள் மகனுக்கு வெளியே நடந்திருக்கிறது. மூளை அதிவேகமாக வளரும் காலம் அது. 34 வாரத்தில்கூட மூளையின் எடை நிறைமாதத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். உள்ளே இருந்திருந்தால் இருட்டு, அம்மாவின் குரல், இடுக்கமான இடம். அந்த இடுக்கத்தில் கைகாலை மடக்கிச் சுருண்டு கிடப்பதால்தான் நிறைமாதக் குழந்தை மடங்கிய உடம்போடு பிறக்கிறது, கை தானாக வாய்க்குப் போகிறது. என்ஐசியூவில் உங்கள் மகனுக்குக் கிடைத்தது வெளிச்சம், அலாரச் சத்தம், ஊசி, டியூப். அவர்கள் உயிரைக் காப்பாற்றினார்கள், அதற்கு ஆயுள் முழுக்க நன்றி சொல்லலாம். ஆனாலும் வார்மர் என்ற சூட்டுப் படுக்கையில் கைகால் பரப்பிக் கிடந்த உடம்பு தவளை மாதிரி அகன்றே கிடக்கப் பழகியிருக்கும். தொட்டால் வலிக்கும் என்று ஐம்பது நாள் கற்றுக்கொண்ட உடம்பும் அதுதான். “என் பிள்ளையைத் தொட்டாலே விறைச்சுக்குது” என்று தாய்மார்கள் சொல்வார்கள். அவன் உங்களை வெறுக்கவில்லை. தொடுகை என்றால் என்ன என்பதை இனிமேல்தான் புதிதாகக் கற்கப்போகிறான்.

இதைக் கற்றுக்கொடுக்க ஏற்ற இடம் வீடுதான், கற்றுக்கொடுக்க ஏற்ற ஆட்கள் நீங்கள்தான். வீட்டுக்கு வருகிறவர் அதற்கு உதவ வருகிறார். இது பிடிபடாததால்தான் ‘ஆள் வந்து பிள்ளைக்குப் பயிற்சி கொடுப்பாங்க’ என்ற எண்ணம் வருகிறது. வாரத்துக்கு 168 மணி நேரம். நான் வாராவாரம் வந்தால்கூட அதில் ஒரு மணி நேரம்தான் இருப்பேன். அந்த ஒரு மணி நேரத்தில் குழந்தைக்கு நான் செய்துவிடக்கூடியது எதுவும் பெரிதாக இல்லை. மீதி 167 மணி நேரம் அவனைத் தூக்குவதும் குளிப்பாட்டுவதும் பால் கொடுப்பதும் துணி மாற்றுவதும் யாரோ, அவர்கள் கைதான் மருந்து.

இது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், 30 வாரத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தையின் வீட்டுக்குப் போனேன். பத்துப் பயிற்சிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, தினமும் ஆறு முறை செய்யச் சொன்னேன். அந்தத் தாய் ஒரு நாள்கூடத் தவறவில்லை. குழந்தை அழ அழச் செய்தார். ஒரு மாதம் கழித்துப் போனபோது, அம்மா பக்கத்தில் வந்தாலே குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. “நான் தொட்டாலே அழுறா, அவளுக்கு என்னைப் பிடிக்கலை” என்று சொல்லி அந்தப் பெண் உடைந்து அழுதார். தவறு என்னுடையது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இனி பயிற்சியே வேண்டாம், இரண்டு வாரம் மார்போடு போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருங்கள், அவள் முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள் என்று சொல்லி வந்தேன். அடுத்த முறை போனபோது அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் நான் பயிற்சித் தாள் கொடுத்ததில்லை.

சரி, வந்து என்ன செய்வார்? நான் செய்வதைச் சொல்கிறேன், நல்ல தெரபிஸ்ட் யாராக இருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருப்பார்.

முதல் முறை போகும்போது குழந்தையைத் தூக்குவதே இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். குழந்தை எங்கே படுக்கிறான், சன்னல் எந்தப் பக்கம், டியூப்லைட் நேராகக் கண்ணில் அடிக்கிறதா, டிவி எவ்வளவு சத்தம், பால் கொடுக்கும்போது கழுத்து பின்னால் சாய்கிறதா என்றெல்லாம் கவனிப்பேன். பாலாடையில் கொடுக்கும் வீடுகளில் படுக்கவைத்து ஊற்றிவிடுவார்கள், புரையேறும். கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்து, உதட்டில் வைத்து, அவனே நக்கி இழுக்கும் வேகத்தில்தான் கொடுக்க வேண்டும். கட்டில் சுவரோரமாக இருந்தால் குழந்தை எப்போதும் ஒரே பக்கம்தான் திரும்பும், தலையும் அந்தப் பக்கம் தட்டையாகும். இதற்குத் தெரபி எதுவும் தேவையில்லை. ஒரு நாள் தலை இருந்த பக்கம் மறுநாள் கால் இருக்கும்படி படுக்கவைத்தால் போதும், வெளிச்சத்தைத் தேடி அவனே மறுபக்கம் திரும்புவான்.

ஒரு வீட்டில் “பிள்ளை என் முகத்தைப் பார்க்கவே மாட்டேங்கிறான், கண்ணு தெரியலையோ” என்று ஒரு தாய் பயந்துபோயிருந்தார். அவர் சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். குழந்தைக்குத் தெரிந்ததெல்லாம் பின்னால் பளீரென்ற வெளிச்சம், முன்னால் ஒரு கறுத்த உருவம். இடத்தை மாற்றி உட்காரச் சொன்னேன். முகத்தை ஓர் அடி தூரத்துக்குள் கொண்டுபோய்ச் சும்மா இருங்கள், பேசவும் வேண்டாம் என்றேன். அரை நிமிடத்தில் பார்த்தான். இதை மருத்துவமனையில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது, அங்கே அந்தச் சன்னல் இல்லை.

அப்புறம், குழந்தையின் மொழி. வீட்டு வருகையின் பாதி நேரம் எனக்கு இதில்தான் போகும். நிறைமாதக் குழந்தை வேண்டியதைச் சத்தமாக அழுது கேட்கும். குறைமாதக் குழந்தை மெதுவாகத்தான் சொல்லும், நாம் கவனிக்காவிட்டால் தவறிப்போகும். கண்ணை அகல விரித்து, புருவத்தைத் தூக்கி, இரண்டு கையையும் வாய்ப்பக்கம் கொண்டுவந்தால் ‘நான் தயார், பேசு’ என்று பொருள். விரல்களை விசிறி மாதிரி விரித்தால், கையை முகத்துக்கு முன்னால் தடுப்பது போல் நீட்டினால், கொட்டாவி, தும்மல், விக்கல் என்று அடுத்தடுத்து வந்தால், பார்வையை வேறுபக்கம் திருப்பினால், உடம்பை வில்லாக வளைத்தால் ‘போதும், கொஞ்சம் விடு’ என்று பொருள். விக்கல் வந்தால் பிள்ளை வளருது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பால் குடித்ததும் வரும் விக்கல் சாதாரணம்தான். கிலுகிலுப்பையைக் கண்ணுக்கு முன்னால் ஆட்டிக்கொண்டே இருக்கும்போது விக்கல் வந்தால் அது வேறு. அப்போது கிலுகிலுப்பையைக் கீழே வைத்துவிடுங்கள். அவனுடைய இரண்டு கையையும் நெஞ்சின் மீது சேர்த்து வைத்து, உள்ளங்காலை உங்கள் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, அவனே திரும்பிப் பார்க்கும்வரை இருங்கள். முகமும் குரலும் ஆட்டமும் பாட்டும் ஒன்றாகச் சேர்ந்தால் இந்தக் குழந்தைகளுக்குத் தாங்காது. முதலில் முகம் மட்டும், அது பழகியதும் குரல். மெதுவான தாலாட்டு நல்லது. எட்டுப் பேர் சுற்றி நின்று சொடக்குப் போட்டுக் கூப்பிடுவது வேண்டாம்.

குப்புறப் போடுவது பற்றி எல்லோரும் கேட்பார்கள். தூங்கும்போது எப்போதும் மல்லாக்கத்தான், கெட்டியான சமதளத்தில், தலையணை இல்லாமல். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, குப்புறப் போடலாம். முதல் இடம் பாய் அல்ல, உங்கள் மார்பு. நீங்கள் சாய்ந்து படுத்து அவனை நெஞ்சில் கவிழ்த்துப் போட்டால், உங்கள் முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கப் பார்ப்பான். என்ஐசியூவில் கங்காரு முறையில், தோலோடு தோல் படும்படி நெஞ்சில் வைத்திருந்தீர்கள் அல்லவா, அதன் தொடர்ச்சிதான் இது. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978ஆம் ஆண்டில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கியது கங்காரு முறை. இன்று உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைக்கிறது. அப்பாவின் நெஞ்சும் அதே வேலையைச் செய்யும். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று நாளைக்கு நாலைந்து தடவை போதும். அழுதால் எடுத்துவிடுங்கள்.

இனி மாமியார். அவர் எதிரி இல்லை. என் அனுபவத்தில், பாட்டியை ஒதுக்கிவிட்டு நடந்த எந்த வேலையும் நிலைத்ததில்லை. நான் போகும் முதல் நாளே “அம்மா, நீங்களும் உட்காருங்க, நீங்கதானே குளிப்பாட்டுறீங்க?” என்றுதான் ஆரம்பிப்பேன். நாலைந்து பிள்ளைகளை வளர்த்த கை அது. இளந்தாய்க்கு இல்லாத துணிச்சல் அதில் இருக்கிறது. அந்தக் கைக்குச் சில மாற்றங்கள் மட்டும் சொல்ல வேண்டும். எண்ணெய் தடவுவது நல்லதுதான். எடை ஏறிவிட்டது, தடவலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் சூடாக்கி மெதுவாகத் தடவலாம். கைகாலை முறுக்கி இழுப்பது, தலைகீழாகப் பிடிப்பது, மூக்கில் ஊதுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது எதுவும் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் திரும்ப வார்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். வென்டிலேட்டரில் இருந்து வந்த நுரையீரல் புகையைத் தாங்காது. உரை மருந்து, வசம்பு, சர்க்கரைத் தண்ணீர் எதையும் வாயில் வைக்கக் கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. கையில் வசம்பு கட்டிக்கொள்வதற்கு நான் குறுக்கே நின்றதில்லை, வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

தூளியைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. அதில் குழந்தை சுருண்டு அடங்கி நிம்மதியாக இருப்பது உண்மை, கர்ப்பப்பையில் விட்டுப்போன அணைப்பு அதில் கிடைக்கிறது. ஆனால் சின்னக் குழந்தையின் தாடை நெஞ்சில் இடித்து மூச்சு தடைபட வாய்ப்புண்டு, அதுவும் யாரும் பார்க்காமல். மணிக்கணக்காகத் தூளியிலேயே கிடந்தால் புரளவும் உதைக்கவும் வழியில்லை. ஆகவே தூக்கம் தரையில்தான் என்று சொல்லிவிடுகிறேன். அடக்க முடியாத அழுகைக்கு மடியில் போட்டு ஆட்டுங்கள். உட்காரவைத்து ஓடவிடும் வாக்கரை யார் பரிசாகக் கொடுத்தாலும் பரண் மேல் போட்டுவிடுங்கள். நுனிக்காலில் நிற்கும் பழக்கத்தைத்தான் அது வளர்க்கும், விபத்துக்கும் வழி. நம் மர நடைவண்டி வேறு சங்கதி. தானாக எழுந்து நிற்கத் தொடங்கியபின் அதைத் தள்ளிக்கொண்டு நடக்கட்டும்.

மாமியார் இன்னொன்றும் சொல்லக்கூடும், “ஏழு மாசப் பிள்ளை தங்கும், எட்டு மாசப் பிள்ளைதான் தங்காது” என்று. உங்கள் மகனுக்குச் சாதகமான நம்பிக்கை என்பதால் கேட்க ஆறுதலாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்தான். ஏழாம் மாதத்தில் பிறந்தவனுக்கு எட்டாம் மாதத்தில் பிறந்தவனைவிடக் கூடுதல் கவனிப்பு வேண்டும்.

இதெல்லாம் உண்மையிலேயே பலன் தருமா என்பதற்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் 32 வாரத்துக்கு முன் அல்லது 1,500 கிராமுக்குக் கீழ் பிறந்த 176 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிக் குழந்தைகளின் வீடுகளுக்கு, திருத்திய வயதில் ஆறு மாதம் ஆகும்வரை, பயிற்சி பெற்ற பிசியோ ஆறு முதல் எட்டு முறை போனார். குழந்தையின் அறிகுறிகளைப் பெற்றோர் படிக்கக் கற்பிப்பதுதான் அங்கும் மைய வேலை. ஆறு மாதத்திலேயே அந்தக் குழந்தைகள் முன்னால் இருந்தார்கள், இரண்டு வயதில் உடலியக்கத்தில் பலன் தெரிந்தது. அந்த அனுபவத்திலிருந்துதான் முதல் ஒரு வருடத்தில் பன்னிரண்டு வீட்டு வருகைகள் கொண்ட திட்டத்தை அந்த நாடு வளர்த்தெடுத்தது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 30 வாரத்துக்கு முன் பிறந்த 120 குழந்தைகளிடம் செய்த ஆய்வில் ஒரு வருடத்தில் ஒன்பது வருகைகள். இரண்டு வயதில் அறிவு வளர்ச்சியிலோ உடலியக்கத்திலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் குழந்தைகளின் நடத்தை நன்றாக இருந்தது, பெற்றோரின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. இப்படி 25 ஆய்வுகளை, 3,615 குழந்தைகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு ஒன்றை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்டது. பள்ளிக்குப் போகும் முன்பு வரை அறிவு வளர்ச்சியில் பலன் தெரிகிறது, உடலியக்கத்தில் சிறிதளவு, பள்ளி வயதில் அந்த வித்தியாசம் மங்கிவிடுகிறது என்கிறது அது. ஆகவே ‘வீட்டுக்கு ஆள் வந்தால் பிள்ளை கெட்டிக்காரனாகிவிடும்’ என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். முதல் வருடத்தின் தவிப்பு குறையும், குழந்தையும் தாயும் ஒருவரை ஒருவர் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள், ஏதாவது பிரச்சினை இருந்தால் சீக்கிரம் பிடிபடும். எனக்கு இந்த மூன்றுமே போதும்.

ஊர் பேசும் என்ற பயத்துக்கு ஒரு வார்த்தை. பிறந்த குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு ஆள் வருவது நம் நாட்டுக்குப் புதிதில்லை. மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங்கும் ராணி பங்கும் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடுவீடாக அனுப்பினார்கள். பச்சிளங்குழந்தை இறப்பு பாதிக்கும் மேல் குறைந்ததை 1999இல் உலகத்துக்குக் காட்டினார்கள். அந்த வழியில் வந்ததுதான் அரசின் வீட்டுவழி பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டம். மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் வீட்டுக்கு 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் பணியாளர் வர வேண்டும். 2018இல் இதை நீட்டித்து 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களிலும் வர வேண்டும் என்றார்கள். தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்யும் ஆஷா என்ற கிராம சுகாதாரப் பணியாளர்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில்தான். மற்ற ஊர்களில் கிராம சுகாதார செவிலியரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022 நவம்பரில் வெளியிட்ட குறைமாதக் குழந்தைப் பராமரிப்புப் பரிந்துரைகளிலும், பயிற்சி பெற்றவர்கள் வீட்டுக்குப் போய்க் குடும்பத்துக்குத் துணை நிற்க வேண்டும் என்று இருக்கிறது. தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம், வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளின் வீட்டுக்கே உள்ளூர்ப் பணியாளர்களை அனுப்பி, தெரபிஸ்டுகளின் வழிகாட்டலோடு வேலை செய்கிறது. உங்கள் பகுதியில் வீட்டுக்கு வர யாரும் இல்லை என்றால், மாவட்டத்துக்கு ஒன்றாக அரசு மருத்துவமனையில் இருக்கும் ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்துக்குப் போங்கள், ‘டெய்க்’ என்று கேட்டால் காட்டுவார்கள். அங்கே கட்டணம் இல்லை. “குறை இருக்கிற பிள்ளைகள் போற இடம்” என்று வீட்டில் சொன்னால், குறை வராமல் பார்த்துக்கொள்ளவும் அங்கேதான் போக வேண்டும் என்று சொல்லுங்கள்.

வீட்டு வருகையால் ஈடுகட்ட முடியாத இரண்டு விஷயங்கள், கண்ணும் காதும். 34 வாரத்துக்கு முன் அல்லது இரண்டு கிலோவுக்குக் கீழ் பிறந்த எல்லாக் குழந்தைக்கும் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை தொடங்கியிருக்க வேண்டும். ஆர்ஓபி என்பார்கள். அரை வளர்ச்சியில் நிற்கும் விழித்திரை ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையையே பறிக்கும் நோய் அது. உரிய வாரத்தில் லேசரோ ஊசியோ கொடுத்தால் தடுக்கலாம், சில வாரம் தவறினால் யாராலும் திருப்ப முடியாது. உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை இப்போதே எடுத்துப் பாருங்கள். விழித்திரை முழுதாக வளர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறதா, இல்லை மறுபடி வரச் சொல்லித் தேதி போட்டிருக்கிறதா? தேதி தாண்டியிருந்தால் நாளைக் காலையே கிளம்புங்கள். காதுக்கு பெரா டெஸ்ட், சத்தம் மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று கருவி வைத்துப் பார்ப்பது. என்ஐசியூவில் இருந்த குழந்தைக்குச் சத்தம் கேட்டுத் திரும்புகிறானா என்று வீட்டில் கைதட்டிப் பார்ப்பது போதாது.

திருத்திய வயதில் சில அடையாளங்களைக் கவனியுங்கள். மூன்று மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, கண் பின்தொடரவில்லை, கை எப்போதும் இறுக மூடியே இருக்கிறது, துணி மாற்றும்போது கால் கத்திரி மாதிரி விறைக்கிறது, ஒரு வயதுக்குள் ஒரே கையை மட்டும் பயன்படுத்துகிறான் என்றால் அடுத்த வருகைக்குக் காத்திருக்காமல் சொல்லுங்கள். ‘இரண்டு வயது வரை பார்ப்போம்’ என்று சொன்ன காலம் போய்விட்டது. மூளை பாதிப்பால் உடலசைவு கெடும் மூளைவாத (செரிப்ரல் பால்சி) அபாயத்தைத் திருத்திய வயது ஆறு மாதத்துக்குள்ளேயே கண்டுபிடிக்க முடியும். அதற்கு ஒரு எளிய வழி வீடியோதான். திருத்திய வயதில் ஒன்பது வாரத்திலிருந்து இருபது வாரம் வரை, மல்லாக்கப் படுத்து விழித்திருக்கும் ஆரோக்கியமான குழந்தையின் உடம்பு முழுக்கச் சின்னச் சின்னத் துடிப்பசைவுகள் ஓடிக்கொண்டே இருக்கும். பயிற்சி பெற்ற கண்ணுக்கு அது இருக்கிறதா இல்லையா என்று தெரியும். உங்கள் மகனுக்கு அந்தக் காலம் இன்னும் மூன்று வாரத்தில் தொடங்குகிறது.

இன்னொன்று அவசரம். தூங்கி எழும்போது, தலையும் கையும் சட்டென்று முன்னால் குனிந்து விரிகிற மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து இருபது தடவை வந்தால் அதைத் திடுக்கிடுவது, வயிற்று வலி என்று விட்டுவிடாதீர்கள். போனில் படம் பிடித்துக்கொண்டு அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் போங்கள். அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும், உடம்பு சில்லிட்டாலும், நெஞ்சு உள்ளிழுத்து மூச்சு வாங்கினாலும் அதேபோல உடனே மருத்துவரிடம் போங்கள்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘நான் என்ன தப்புப் பண்ணினேன், ஏன் வயிற்றில் வைத்துக்கொள்ள முடியவில்லை’ என்ற கேள்வி ராத்திரி இரண்டு மணிக்கு வரும். எனக்குத் தெரிந்து இந்தக் கேள்வி வராத குறைமாதத் தாய் ஒருவர்கூட இல்லை. நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. குழந்தை மூச்சு விடுகிறானா என்று நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்ப்பது, தூக்கம் வராதது, காரணமில்லாமல் அழுகை வருவது இதெல்லாம் வருகிறவரிடம் சொல்ல வேண்டிய விஷயங்கள். கேட்பதும் அவர் வேலைதான். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், இதற்கு மருந்தும் பேச்சும் உண்டு. உங்கள் கணவரையும் ஒரு வருகைக்காவது வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். பில் கட்டியவர், மருந்து வாங்க ஓடியவர் என்பதோடு பல அப்பாக்கள் நின்றுவிடுகிறார்கள். ‘கை பட்டால் ஏதாவது ஆகிவிடும்’ என்று ஆறு மாதம் வரை குழந்தையைத் தூக்காத அப்பாக்களை எனக்குத் தெரியும்.

எத்தனை நாள் என்று கேட்டிருந்தீர்கள். முதல் மூன்று மாதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, திருத்திய வயது ஒன்று ஆகும்வரை. எல்லாம் சரியாகப் போனால் இடைவெளி கூடிக்கொண்டே போக வேண்டும். ஒரு வருடம் கழித்தும் அவர் இல்லாமல் முடியாது என்று நீங்கள் நினைத்தால், அவர் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. வந்ததும் குழந்தையை வாங்கி உள்ளே கொண்டுபோய்ப் பயிற்சி கொடுத்துவிட்டு, அழுகிற பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறவராக இருந்தால் வேறு ஆளைக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

அவர் முதல் முறை வரும் நாளில் டிஸ்சார்ஜ் சம்மரி, எடை எழுதிய அட்டை, கண் பரிசோதனைச் சீட்டு மூன்றையும் எடுத்து வையுங்கள். அவன் சாதாரணமாக விழித்திருக்கும் நேரம் எது என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள், பால் குடித்து ஒரு மணி நேரம் கழித்து என்றால் நல்லது. குளிப்பாட்டும் நேரத்தை அன்றைக்கு மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்து, அவர் முன்னாலேயே மாமியாரைக் குளிப்பாட்டச் சொல்லுங்கள்.